உணவிலும் ஒரு கூட்டுறவு

கூட்டுறவு என்பது யாது என்று நம் சங்க உறுப்பினர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டுவதில்லை. தனி ஒருவராகச் சென்று நூல் வாங்கினால் கிடைக்காத விலை, பலர் கூடி வாங்கும்பொழுது கிடைக்கின்றது. தனி ஒருவர் தம் நெல்லைச் சந்தைக்குக் கொண்டு சென்றால் தரகர் சொன்னதே விலை; பலர் கூடி நின்றால் பேசித் தீர்க்க முடிகின்றது. ஒருவரிடம் உள்ள குறையை மற்றவரிடம் உள்ள நிறைவு ஈடு செய்வதே கூட்டுறவின் உயிர். நாம் நாள்தோறும் உண்ணும் உணவிலும் இதே முறைதான் நடைபெறுகின்றது. அரிசி தனித்து நின்றால் அதன் பயன் குறைவு. கீரை தனித்து நின்றால் அதிலுள்ள சத்தில் பெரும்பகுதி உடலிற் சேராமலே வெளியேறிவிடுகின்றது. துணையோடு வரும் சத்தே உடலிற் சேரும் சத்து. இவ்வுண்மையை நம் உழவர் குடும்பங்களும் நெசவாளர் குடும்பங்களும் அறிந்து கொள்ள வேண்டியது இன்று மிகவும் அவசியமாக இருக்கின்றது.

ஏன் அவசியம் என்று சிலர் கேட்கக்கூடும். தமிழ்நாட்டில் 2011 ஆம் ஆண்டு முதல் நியாயவிலைக் கடைகளில் அரிசி விலையின்றி வழங்கப்படுகின்றது. ஆகவே, சோறில்லாமல் அடுப்பு எரியாத வீடுகள் முன்போல் இல்லை. ஆனால் 2019-21 ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வு கூறுவது என்ன? நம் மாநிலத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 100 பேருக்கு 53 பேர் இரத்தசோகை உள்ளவர்கள். இந்தியா முழுவதையும் கணக்கிட்டால் இத்தொகை 57. வயிறு நிறைந்திருக்கின்றது, உடம்பு தேறவில்லை. பாதி நாளில் கை ஓய்ந்து தார் சுற்ற முடியாமற் சாய்ந்து விடும் பெண்மணியையும், களையெடுக்கும்பொழுது மூச்சு வாங்கி வரப்பில் அமர்ந்து விடும் பெண்மணியையும் நாம் அனைவரும் கண்டிருக்கின்றோம். "அவளுக்கு உடம்பே அப்படித்தான்" என்று சொல்லி விட்டுவிடுகின்றோம். உடம்பு அப்படி அமையவில்லை. உணவு அப்படி அமைந்திருக்கின்றது.

ஒரு கவளம் செல்லும் வழி

முதலில், நாம் உண்ணும் ஒரு கவளம் சோறு உடலுக்குள் என்ன ஆகின்றது என்று பார்ப்போம்.

சீரணம் வயிற்றில் தொடங்குவதாகப் பலர் எண்ணுகின்றனர். அது வாயிலேயே தொடங்கிவிடுகின்றது. பாவுக்குக் கஞ்சி போடும் நெசவாளருக்கு மாவுச்சத்தின் இயல்பு நன்றாகத் தெரியும். அது இழையின்மேல் ஒட்டிக் கொண்டு எளிதில் விடாது. நூல் ஆலைகளிலும் சாயச் சாலைகளிலும் துணியிலேறிய கஞ்சியை நீக்குவதற்கு 'அமிலேசு' என்னும் நொதியைப் பயன்படுத்துகின்றனர். அந்த இனத்தைச் சேர்ந்த நொதியே நம் உமிழ்நீரிலும் இருக்கின்றது. ஒட்டும் மாவுச்சத்தை அது சிறு சிறு சர்க்கரைத் துண்டுகளாக வெட்டுகின்றது. சோற்றை நெடுநேரம் மென்றால் இனிப்புத் தட்டுவது இதனாலேயே ஆகும்.

இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். இரண்டு கிண்ணங்களில் ஆறிய நீர்த்த கஞ்சியைச் சிறிது ஊற்றி, ஒன்றில் மட்டும் உமிழ்நீரைக் கலந்து கால் மணி நேரம் வையுங்கள். பிறகு இரண்டிலும் நீர்த்த அயோடின் கரைசல் ஒரு சொட்டு விடுங்கள். வெறுங்கஞ்சி கருநீலமாக மாறும். உமிழ்நீர் கலந்த கஞ்சியில் அந்நிறம் வெகுவாகக் குறைந்து காணப்படும். மாவுச்சத்து வெட்டுண்டதற்கு அதுவே சான்று. பள்ளிப் பிள்ளைகளுக்கு இச்சோதனையைச் செய்து காட்டுவது நல்லது. 'நொறுங்கத் தின்றால் நூறு வயது' என்று முதியோர் சொல்வதன் பொருள் அவர்களுக்கு அப்பொழுது விளங்கும்.

மென்ற கவளம் சுமார் 25 சென்டிமீட்டர் நீளமுள்ள உணவுக்குழல் வழியே சில விநாடிகளில் இரைப்பையை அடைகின்றது. இரைப்பை என்ன செய்கின்றது என்பது நெடுங்காலம் மனிதருக்குத் தெரியாமலே இருந்தது. அரைக்கின்றது என்றனர் சிலர். அழுக வைக்கின்றது என்றனர் வேறு சிலர். அமெரிக்காவில் 1822 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் நேர்ந்த ஒரு விபத்து இவ்விவாதத்தைத் தீர்த்து வைத்தது. மாக்கினாக் தீவில் அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்னும் இளந்தொழிலாளியின் வயிற்றில் துப்பாக்கிக் குண்டு பாய்ந்தது. வில்லியம் போமண்ட் என்னும் இராணுவ மருத்துவர் அவரைப் பிழைக்க வைத்தார். ஆயினும் இரைப்பையிலிருந்து வெளியே திறக்கும் ஒரு துளை மூடாமலே நின்றுவிட்டது. 1825 ஆம் ஆண்டு போமண்ட், இறைச்சி, ரொட்டி, முட்டைக்கோசு ஆகியவற்றின் சிறு துண்டுகளை ஒரு பட்டு நூலிற் கட்டி அத்துளை வழியே உள்ளே விட்டார். ஒரு மணி நேரம் கழித்து நூலை இழுத்துப் பார்த்தபொழுது ரொட்டியும் கோசும் பாதி கரைந்திருந்தன. பின்னர் இரைப்பை நீரை வெளியே எடுத்து, உடற்சூட்டில் வைத்து, அதில் இறைச்சியை இட்டார். அங்கும் இறைச்சி கரைந்தது. ஆகவே இரைப்பையின் வேலை வெறும் அரைப்பன்று. அது ஓர் இரசாயன வேலை என்பது உறுதியாயிற்று. மனிதர் கோபமுற்றிருக்கும்பொழுது சீரணம் தடைப்படுவதையும் அவர் கண்டு எழுதினார். 1833 ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட நூல் மருத்துவ உலகில் நிலைத்த இடம் பெற்றது. செயின்ட் மார்ட்டின் 1880 ஆம் ஆண்டு வரை உயிர் வாழ்ந்தார்.

இரைப்பையில் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் 'பெப்சின்' என்னும் நொதியும் சேர்ந்து புரதத்தைப் பிரிக்கத் தொடங்குகின்றன. இரண்டு முதல் நான்கு மணி நேரத்தில் கூழான உணவு சிறிது சிறிதாகச் சிறுகுடலுக்குள் இறங்குகின்றது. சிறுகுடல் சுமார் 6 மீட்டர் நீளமுள்ளது. கணையத்திலிருந்து வரும் நீர் மாவுச்சத்து, புரதம், கொழுப்பு ஆகிய மூன்றையும் வெட்டுகின்றது. கல்லீரலிலிருந்து வரும் பித்தநீர், சவர்க்காரம் எண்ணெய்ப் பிசுக்கைக் கலைப்பது போலக் கொழுப்பை நுண் துளிகளாகக் கலைத்துக் கொடுக்கின்றது. குடலின் உட்சுவரில் வெல்வெட்டுத் துணியின் மேற்புறம் போலக் கோடிக்கணக்கான நுண்விரல்கள் எழுந்து நிற்கின்றன. அவற்றின் வழியாகவே சத்து இரத்தத்திற் சேருகின்றது. உணவுப் பாதையின் உட்பரப்பு முழுவதையும் விரித்தால் சுமார் 30 சதுர மீட்டர் வருமென்று அண்மைக் கணக்குக் கூறுகின்றது. சிறுகுடலின் பங்கே அதில் மிகப் பெரிது.

எஞ்சிய நாரும் நீரும் சுமார் ஒன்றரை மீட்டர் நீளமுள்ள பெருங்குடலைச் சேருகின்றன. அங்கே வாழும் நுண்ணுயிர்கள் நாரின் ஒரு பகுதியைப் புளிக்க வைத்து, குடற்சுவருக்கு வேண்டிய உணவாக மாற்றித் தருகின்றன. நாரும் நீரும் போதாவிடில் மலச்சிக்கல் தோன்றும். நாள் முழுவதும் தறியில் ஓரிடத்திலேயே அமர்ந்திருப்போர் இதனை நினைவிற் கொள்ள வேண்டும். ஒரு கவளம் வாயில் புகுந்து கழிவாக வெளியேறும் வரை ஒன்றிலிருந்து மூன்று நாட்கள் ஆகலாம்.

ஒரு நூல் தீர்ந்தால் கரை நின்றுவிடும்

இனி, துணைகளைப் பற்றிப் பார்ப்போம். முதலில் புரதம். தசை, தோல், இரத்தம், நொதி எல்லாவற்றிற்கும் புரதமே மூலப்பொருள். நாம் உண்ணும் புரதத்தை உடல் அப்படியே ஏற்பதில்லை. பழைய நெய்தலை இழை இழையாகப் பிரித்து, அவ்விழைகளைக் கொண்டு தனக்கு வேண்டிய புதிய துணியை நெய்துகொள்கின்றது. அந்த இழைகளுக்கு அமினோ அமிலங்கள் என்று பெயர். அவை 20 வகை. அவற்றுள் 9 வகைகளை உடல் தானே செய்துகொள்ள இயலாது; உணவின் வழியாகவே வர வேண்டும்.

கரை வைத்த சேலையில் ஐந்து நிற நூல்கள் வேண்டுமென்று வைத்துக் கொள்வோம். சிவப்பு நூல் தீர்ந்துவிட்டால், மற்ற நான்கு நிறங்களும் கூடை நிறைய இருந்தாலும் அந்தக் கரையை நெய்ய முடியுமோ? உடலின் நிலையும் அதுவே. அரிசிப் புரதத்தில் 'லைசின்' என்னும் இழை குறைவு. பருப்பில் அது நிறைய உண்டு. ஆனால் 'மெத்தியோனின்' என்னும் வேறோர் இழை பருப்பிற் குறைவு, அரிசியில் அது போதிய அளவு உண்டு. இரண்டும் ஒன்று சேர்ந்தால் ஒன்றின் குறையை மற்றொன்று தீர்க்கின்றது. சாம்பார்ச் சோறு, பருப்புச் சோறு, பொங்கல், இட்டிலி, தோசை, அடை ஆகியவற்றை வகுத்த நம் முன்னோர் அமினோ அமிலம் என்ற சொல்லைக் கேட்டதில்லை. ஆயினும் அவர்கள் வகுத்த முறையில் இக்கூட்டு அமைந்திருக்கின்றது.

குறை எங்கே நேர்கின்றது? சோறு குன்றாகவும் பருப்பு அதன்மேற் பூசிய சந்தனமாகவும் இருப்பதில் நேர்கின்றது. 65 கிலோ எடையுள்ள ஆண் ஒருவருக்கு நாளொன்றுக்கு 54 கிராம் புரதம் வேண்டுமென்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020 ஆம் ஆண்டு வகுத்திருக்கின்றது. 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்குச் சுமார் 46 கிராம். அரிசியில் 100 கிராமுக்குச் சுமார் 8 கிராமே புரதம். 54 கிராம் புரதத்தை அரிசியிலிருந்து மட்டும் பெற வேண்டுமானால் 650 கிராமுக்கு மேல் அரிசி சமைத்து உண்ண வேண்டும். அப்பொழுதும் லைசின் குறையே நிற்கும். பருப்பிலோ 100 கிராமுக்குச் சுமார் 22 கிராம் புரதம் இருக்கின்றது.

புழுங்கலரிசி தந்த பாடம்

இரண்டாவது துணை உயிர்ச்சத்து, அதாவது வைட்டமின். இதன் வரலாறே அரிசியிலிருந்து தொடங்குகின்றது.

ஜாவாத் தீவில், இன்று ஜகார்த்தா எனப்படும் பட்டேவியா நகரில், 1890 ஆம் ஆண்டையொட்டிய காலத்தில் கிறிஸ்டியான் ஐக்மன் என்னும் டச்சு மருத்துவர் 'பெரிபெரி' நோயை ஆராய்ந்து வந்தார். கால்கள் மரத்து, நடை தளர்ந்து, சிலருக்கு உடல் வீங்கி இருதயம் நின்று போகும் கொடிய நோய் அது. அவர் வளர்த்த கோழிகளுக்கும் அதைப் போன்ற நோய் கண்டது. காரணத்தைத் தேடியபொழுது, இராணுவ மருத்துவமனைச் சமையலறையில் மிஞ்சிய தீட்டிய அரிசிச் சோறு அக்கோழிகளுக்கு இடப்பட்டு வந்தமை தெரிந்தது. புதிதாக வந்த சமையற்காரர் இராணுவத்தின் சோற்றைக் கோழிகளுக்குத் தர மறுத்துவிட்டார். தீட்டாத அரிசிக்கு மாறிய கோழிகள் தேறிவிட்டன. தவிட்டில் உடலுக்கு இன்றியமையாத ஏதோ ஒரு பொருள் இருக்கின்றது என்று 1901 ஆம் ஆண்டு கெரிட் கிரைன்ஸ் என்னும் அவருடைய உடன் பணியாளர் எடுத்துக் காட்டினார். 1912 ஆம் ஆண்டு காசிமிர் ஃபங்க் என்பவர் இத்தகைய பொருள்களுக்கு வைட்டமின் என்னும் பெயரை வழங்கினார். 1926 ஆம் ஆண்டு ஜான்சன், டோனாத் என்னும் இருவர் அதே பட்டேவியாவில் அப்பொருளைத் தவிட்டிலிருந்து படிகமாகப் பிரித்தெடுத்தனர். அதுவே வைட்டமின் பி1. ஐக்மன் 1929 ஆம் ஆண்டு நோபல் பரிசில் பங்கு பெற்றார்.

இவ்வாராய்ச்சியின் அடுத்த பகுதி நம் நீலகிரியில் நடைபெற்றது. குன்னூரில் 1918 ஆம் ஆண்டு இராபர்ட் மக்காரிசன் என்னும் மருத்துவர் பெரிபெரி ஆராய்ச்சிக்கென ஒரு சிறு நிலையத்தைத் தொடங்கினார். அது வளர்ந்து உணவு ஆராய்ச்சிக் கூடமாயிற்று. 1958 ஆம் ஆண்டு ஐதராபாத்துக்கு மாற்றப்பட்டு, 1969 ஆம் ஆண்டு தேசிய உணவூட்ட நிறுவனம் என்னும் பெயர் பெற்றது. குன்னூர் ஆராய்ச்சியாளர்களுக்கு ஒரு செய்தி வியப்பளித்தது. அன்றைய சென்னை மாகாணத்தின் வடபகுதியில், வட சர்க்கார் எனப்பட்ட ஆந்திரக் கரையோர மாவட்டங்களில், பெரிபெரி காணப்பட்டது. தமிழ் மாவட்டங்களிலும் மக்கள் அரிசியையே உண்டனர். ஆனால் இங்கு அந்நோய் பெருகவில்லை. காரணம் யாது? அங்கே உண்ணப்பட்டது ஆலையில் தீட்டிய பச்சரிசி. இங்கே பெரும்பாலும் புழுங்கலரிசி.

நெல்லை ஊற வைத்து அவிக்கும்பொழுது, தவிட்டிலும் முளையிலும் உள்ள பி1 சத்து நீரோடு சேர்ந்து அரிசியின் உட்பகுதிக்குள் இறங்கிவிடுகின்றது. பிறகு ஆலையில் தீட்டினாலும் உள்ளே இறங்கிய சத்து முழுவதும் போய்விடுவதில்லை. தீட்டிய பச்சரிசியைக் காட்டிலும் தீட்டிய புழுங்கலரிசியில் பி1 சத்து ஏறத்தாழ மூன்று மடங்கு இருக்கின்றது. உண்ட மாவுச்சத்தை எரித்து ஆற்றலாக மாற்றுவதற்குப் பி1 வேண்டும். மாவுச்சத்து எவ்வளவு மிகுதியோ அவ்வளவு மிகுதியாக அதுவும் வேண்டும். சோறு மட்டும் மிகுதியாக உண்டு பி1 சத்துக் குறைந்தால், விறகு இருந்தும் தீப்பெட்டி இல்லாத அடுப்பாக உடல் ஆகிவிடுகின்றது. வெண்மையே அரிசியின் சிறப்பு என்று எண்ணி, மேலும் மேலும் தீட்டச் சொல்லி ஆலைக்காரரிடம் கேட்கும் உறுப்பினர்கள் இதனை ஆராய்ந்து பார்க்க வேண்டும்.

இரும்பும் எலுமிச்சையும்

மூன்றாவதாக, நாம் தொடக்கத்தில் குறித்த இரத்தசோகையைக் காண்போம். இரத்தத்திற்குச் செந்நிறம் தரும் பொருளுக்கு இரும்பு வேண்டும். மாதவிலக்கு உள்ள வயதுடைய பெண்ணுக்கு நாளொன்றுக்கு 29 மில்லிகிராமும் ஆணுக்கு 19 மில்லிகிராமும் உணவில் இருக்க வேண்டுமென்பது 2020 ஆம் ஆண்டின் கணக்கு. பெண்ணின் தேவை ஆணின் தேவையைவிட ஒன்றரை மடங்கு. ஆனால் நம் வீடுகளில் பெண் உண்பது எல்லோரும் உண்ட பின் மிஞ்சிய சோறும் இரசமும் அன்றோ?

கீரை, பருப்பு, தானியம் ஆகியவற்றில் உள்ள இரும்பில் ஒரு சிறு பகுதியையே குடல் ஏற்கின்றது. மீன், இறைச்சி ஆகியவற்றில் உள்ள இரும்பு இதனினும் எளிதிற் சேரும். தாவர உணவிலுள்ள இரும்புக்கு ஒரு துணையும் ஒரு பகையும் உண்டு. துணை, வைட்டமின் சி. எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா ஆகியவற்றில் அது மிகுதி. 100 கிராம் கொய்யாவில் சுமார் 200 மில்லிகிராம் உண்டு. கீரையோ பருப்போ உண்ணும் அதே வேளையில் இவற்றுள் ஒன்றைச் சேர்த்துக் கொண்டால், இரும்பு குடலில் எளிதில் ஏற்கப்படும் நிலையை அடைகின்றது. எலுமிச்சையை அடுப்பிலிருந்து இறக்கிய பின்னரே பிழிதல் வேண்டும். சூட்டில் அச்சத்து அழிந்துவிடும்.

பகை, தேநீரும் காப்பியும். அவற்றிலுள்ள துவர்ப்புப் பொருள் இரும்பைப் பற்றிக் கொண்டு, சேர விடாமற் செய்கின்றது. காலையில் இட்டிலியோடு ஒரு குவளை, மதிய உணவு முடிந்ததும் ஒரு குவளை என்னும் வழக்கம் நம் தறிக்கூடங்களில் மிகுதி. தேநீரை விட வேண்டுவதில்லை. உணவுக்கு ஒரு மணி நேரம் முன்னரோ பின்னரோ தள்ளி அருந்தினாற் போதும். காசு செலவில்லாமற் கிடைக்கும் பலன் இது.

ஒன்றை மறைக்காமற் சொல்ல வேண்டும். சோகை முற்றியவர்களுக்குக் கீரை மட்டும் போதாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தத்தைச் சோதித்து, அங்குத் தரப்படும் இரும்பு, ஃபோலிக் அமில மாத்திரைகளைச் சொன்ன காலம் வரை விடாது உட்கொள்ள வேண்டும். வயலில் வெறுங்காலோடு நடப்போரின் பாதத்தோல் வழியே கொக்கிப்புழு நுழைந்து குடலைச் சேர்ந்து இரத்தத்தை உறிஞ்சும். ஆதலின் கழிப்பறையும் காலணியும் இரத்தத்தைக் காப்பவை. பால், முட்டை, மீன், இறைச்சி ஆகியவற்றின் வழியாகவே பி12 சத்துக் கிடைக்கின்றது. முழுச் சைவ உணவினர் பால், தயிர், மோரைக் கைவிடலாகாது.

எண்ணெயும் வெயிலும்

முருங்கைக்கீரை, அகத்திக்கீரை, பரங்கிக்காய், பப்பாளி, மாம்பழம் ஆகியவற்றில் உள்ள கரோட்டின் உடலில் வைட்டமின் ஏ ஆகின்றது. அது குறைந்தால் முதலில் மாலைக்கண் தோன்றும். நுண்ணிய இழையைக் கண்டு நெய்ய வேண்டிய குடும்பத்தில் கண்ணே முதல் என்பது யாவரும் அறிந்ததே. ஆனால் கரோட்டின் கொழுப்பிற் கரைவது. எண்ணெய் சிறிதும் இல்லாமல் வேக வைத்த கீரையிலிருந்து அது நன்கு சேராது. ஒரு கரண்டி நல்லெண்ணெயோ கடலெண்ணெயோ தாளிப்பில் சேர்ந்தால் அக்குறை தீரும். தேங்காய்த் துருவலும் வேர்க்கடலைப் பொடியும் அவ்வாறே உதவும்.

எலும்புக்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். வயது வந்தோருக்கு நாளொன்றுக்கு 1000 மில்லிகிராம். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் உண்டு. தீட்டிய அரிசியில் அது மிகவும் சொற்பம். ஆனால் சுண்ணாம்பைக் குடல் ஏற்பதற்கு வைட்டமின் டி துணை செய்ய வேண்டும். அது பெரும்பாலும் உணவில் வருவதன்று; வெயில் தோலிற் படும்பொழுது உடலே செய்துகொள்வது. உழவருக்கு வெயில் குறைவில்லை. குழித்தறியில் அரையிருளில் காலை முதல் மாலை வரை அமர்ந்திருக்கும் நெசவாளருக்கும், வீட்டுக்குள்ளேயே தார் சுற்றும் பெண்களுக்குமே அது குறைகின்றது. பாவை வெளியே விரித்து வேலை செய்த காலத்தில் வெயிலும் தானே கிடைத்தது. இன்று அவ்வேலை குறைந்த இடங்களில், முற்பகல் முதிர்ந்த நேரத்தில் சிறிது நேரம் கை கால்களில் வெயில் படும்படி நடந்து வருவதை வழக்கமாக்கிக் கொள்ளலாம்.

சமையலறையில் நேரும் இழப்பு

நல்ல பொருளை வாங்கி வந்தும் அதன் சத்தை நாம் வடிதட்டின் வழியே இழந்துவிடுகின்றோம். பி வகை உயிர்ச்சத்துகளும் வைட்டமின் சி சத்தும் நீரிற் கரைபவை. அரிசியைப் பலமுறை தேய்த்துக் கழுவினால் ஒரு பங்கு போகின்றது. கஞ்சியை வடித்துக் கொட்டினால் மற்றொரு பங்கு போகின்றது. கஞ்சியைப் பாவுக்குப் போட்டால் பாவு உறுதி பெறும். குடித்தால் குடிப்பவர் உறுதி பெறுவர். இரண்டுமின்றிச் சாக்கடையில் ஊற்றுவது எவருக்கும் பயனில்லை. அளவாக நீர் வைத்துப் பொங்குவதே சிறந்தது. கீரையையும் காயையும் நறுக்குவதற்கு முன் கழுவுக. நறுக்கிய பின் கழுவாதீர். மூடி வைத்துக் குறைந்த நீரில் வேக வைக்க. பருப்பு விரைவில் வேகட்டும் என்று சோடா உப்பிடுவது பி1 சத்தை அழித்துவிடும்.

இழப்பைக் குறைப்பது போலவே சத்தைக் கூட்டும் முறைகளும் நம்மிடம் உண்டு. தானியத்திலும் பருப்பிலும் உள்ள 'ஃபைட்டேட்' என்னும் பொருள் இரும்பையும் துத்தநாகத்தையும் கட்டி வைத்துக் கொள்கின்றது. ஊற வைத்தல், முளை கட்டுதல், மாவைப் புளிக்க வைத்தல் ஆகிய மூன்றும் அக்கட்டைத் தளர்த்துகின்றன. முளை கட்டிய பச்சைப் பயறில் முன்பு இல்லாத வைட்டமின் சி சத்தும் உண்டாகின்றது.

ஒரு நாளைக்கு எவ்வளவு?

தேசிய உணவூட்ட நிறுவனம் 2024 ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, 2000 கலோரி வேண்டிய ஒருவருக்கு நாளொன்றுக்கு வேண்டியவை: தானியங்கள் 250 கிராம், பருப்பு வகைகள் 85 கிராம், காய்களும் கீரைகளும் 400 கிராம், பழம் 100 கிராம், பால் அல்லது தயிர் 300 மில்லிலிட்டர், கடலை, எள் போன்ற வித்துகள் 35 கிராம், எண்ணெய் 27 கிராம். உப்பு 5 கிராமுக்கு மேற்படலாகாது. முட்டையும் மீனும் உண்போர் பருப்பின் ஒரு பகுதிக்கு அவற்றை மாற்றாகக் கொள்ளலாம். நடுத்தர உழைப்புள்ள ஆணுக்கு 2710, கடும் உழைப்புள்ள ஆணுக்கு 3470 கலோரி வேண்டும். பெண்ணுக்கு முறையே 2130, 2720. ஆதலின் நாற்று நடுவோரும் ஏர் ஓட்டுவோரும் தம் உழைப்புக்கேற்பத் தானியத்தையும் பருப்பையும் சேர்த்தே உயர்த்திக் கொள்ள வேண்டும்.

இக்கணக்கில் முக்கியமாகக் காண வேண்டியது ஒன்று. தானியம் மூன்று பங்கானால் பருப்பு ஒரு பங்கு. மாதம் ஓர் ஆளுக்கு இரண்டரைக் கிலோ பருப்பும் பயறும் வேண்டும். நம் வீட்டுக் கணக்கை எடுத்து, நால்வர் உள்ள குடும்பத்தில் மாதம் எத்தனை கிலோ வாங்குகின்றோம் என்று பார்த்தால் குறை உடனே தெரியும். துவரம் பருப்பு விலை ஏறியிருக்கும் மாதத்தில் தட்டைப் பயறு, கொள்ளு, மொச்சை, பச்சைப் பயறு, வேர்க்கடலை ஆகியவற்றுள் மலிந்ததை வாங்கலாம். சத்தில் அவை தாழ்ந்தவை அல்ல.

விற்பதற்கு முன் வீட்டுக்கு

உழவர் குடும்பங்களைப் பற்றி ஒரு செய்தியைச் சொல்லாமல் இருக்க இயலவில்லை. பசு வளர்ப்போர் விடியற்காலையில் கறந்த பால் அனைத்தையும் சங்கத்திற்கு ஊற்றிவிட்டுப் பிள்ளைக்கு வரக்காப்பி கொடுக்கின்றனர். கோழி வளர்ப்போர் முட்டையைக் கடைக்கு அனுப்புகின்றனர். பயறு விளைப்போர் மூட்டை கட்டி விற்றுவிட்டு, பின்னர் அதையே கூடுதல் விலைக்கு வாங்க மனமின்றி விட்டுவிடுகின்றனர். கடன் தவணையும் பள்ளிக் கட்டணமும் அவர்களை அவ்வாறு செய்யத் தூண்டுகின்றன என்பதை நாம் அறிவோம். ஆயினும் வீட்டிலுள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு குவளைப் பாலை எடுத்து வைத்த பின் மீதியை ஊற்றுவதால் குறையும் தொகையையும், நோய் வந்தபின் மருத்துவத்திற்கும் இழந்த கூலிக்கும் ஆகும் தொகையையும் ஒரே தாளில் எழுதி ஒப்பிட்டுப் பார்க்குமாறு வேண்டுகின்றோம்.

நெசவாளர் குடும்பங்களில் மற்றொரு குறை உண்டு. சேலை முடிக்க வேண்டிய நாட்களில் உணவு நேரம் தவறுகின்றது. பசியைத் தேநீரால் அடக்குகின்றனர். பெண்கள் எல்லோருக்கும் பரிமாறி முடித்து, பிற்பகலில் ஆறிய சோற்றை உண்கின்றனர். பருப்பும் காயும் அதற்குள் தீர்ந்துவிடுகின்றன. வீட்டார் அனைவரும் ஒரு வேளையேனும் ஒன்றாக அமர்ந்து உண்பது என்று தீர்மானித்தால், இக்குறை எந்தச் செலவுமின்றித் தீரும். சமமான பங்கு என்பது சங்கத்தில் நாம் ஒப்புக்கொண்ட கொள்கை அன்றோ? அது சட்டியிலும் நிலைபெற வேண்டும்.

சங்கங்கள் செய்யக்கூடியவையும் உள. பயறு விளைக்கும் உறுப்பினரிடமிருந்து அறுவடைக் காலத்தில் வாங்கி வைத்து, நெசவாளர் உறுப்பினருக்கு ஆண்டு முழுவதும் ஒரே விலையில் வழங்கலாம். கேழ்வரகும் வேர்க்கடலையும் அவ்வாறே. புழுங்கலரிசியை மிகையாகத் தீட்டாமல் அரைத்துத் தருமாறு ஆலையோடு பேசலாம். ஒவ்வோர் உறுப்பினர் வீட்டிலும் ஒரு முருங்கைக் கொம்பும் ஓர் எலுமிச்சைக் கன்றும் நடலாம். முருங்கைக்குக் குடம் கழுவிய நீரே போதும். ஆண்டுக்கு இருமுறை சுகாதார நிலையத்தாரைச் சங்கத்திற்கு அழைத்து, உறுப்பினர் வீட்டுப் பெண்களின் இரத்தத்தைச் சோதிக்க ஏற்பாடு செய்யலாம்.

அடுத்த பொதுக்கூட்டத்தில் கூலி உயர்வும் உர விலையும் பேசப்படும்பொழுது, இப்பொருளையும் நிகழ்ச்சி நிரலிற் சேர்க்குமாறு உறுப்பினர்கள் தங்கள் செயலாளர்களைக் கேட்டுக் கொள்வார்களாக. பெண் உறுப்பினர்கள் அன்று தவறாது வந்திருந்து, தங்கள் வீட்டு மாதக் கணக்கில் பருப்பு எத்தனை கிலோ என்பதை எடுத்துச் சொல்வார்களாயின், பேச்சு அங்கிருந்தே தொடங்கலாம்.